விடியற்காலை இரண்டு மணிக் கூடைப்பந்துக்கு அங் மோ கியோவில் ஒரு புரோட்டாக் கடை

கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று பாய் கேட்டுக்கொண்டார். இரவில் புரோட்டாக் கல்லில் நிற்பது ஒரே ஆள்தான், திடீரென்று கூட்டம் சேர்ந்தால் தாங்காது என்றார். நியாயம்தான். அதனால் சிங்கப்பூரின் அங் மோ கியோவில், பெரிய சாலையிலிருந்து இரண்டு புளோக் உள்ளே தள்ளி, வீவக அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே இருக்கிற 24 மணி நேரப் புரோட்டாக் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டாரத்துக்காரர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

நாங்கள் ஐந்து பேர். நான், உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து அணியில் என்னோடு ஆடிய இரண்டு தோழிகள், அவர்களில் ஒருத்தியின் தம்பி, அப்புறம் அந்தக் காலத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த சார். சாருக்கு எழுபது தாண்டிவிட்டது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து என்றால் எங்கள் எல்லோருக்கும் உயிர். அங்கே பகல் ஆட்டம் என்றால் நமக்கு நடுராத்திரி. அமெரிக்கக் கிழக்குக் கரையோடு நமக்குக் குளிர்காலத்தில் 13 மணி நேரம் வித்தியாசம், மார்ச் மாதம் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 12 மணி நேரம். அந்த நேரத்தில் யார் வீட்டில் கூடிக் கத்துவது? பிள்ளைகள் தூங்குகிறார்கள், மறுநாள் வேலை. அதனால் எங்களுக்கு ஒரு கடை தேவைப்பட்டது. தொலைக்காட்சி இருக்க வேண்டும், நாலு மணி நேரம் உட்கார்ந்தாலும் முகம் சுளிக்கக் கூடாது, ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓட வேண்டிய அவசரம் இருக்கக் கூடாது. ஆட்டத்தைப் பார்ப்பது பாதிதான், அதை உட்கார்ந்து பேசித் தீர்ப்பதுதான் மீதிப் பாதி.

இந்தக் கடையை நாங்கள் கண்டுபிடித்த இரவு 2025 பிப்ரவரி 17, திங்கட்கிழமை. தைப்பூசம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்றைக்கு யூகான் அணி, அதாவது கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள், சவுத் கரோலைனா அணியை அவர்கள் ஊரிலேயே போய்ச் சந்திக்கிறார்கள். அங்கே ஞாயிறு பிற்பகல் ஒரு மணி, நமக்குத் திங்கள் விடியற்காலை இரண்டு.

இந்த விளையாட்டைத் தொடராதவர்களுக்கு அந்த ஆட்டம் ஏன் அவ்வளவு பெரியது என்று சொல்லிவிடுகிறேன். சவுத் கரோலைனா சொந்தக் களத்தில் தொடர்ச்சியாக 71 ஆட்டங்கள் வென்றிருந்தது. கடைசியாக அங்கே தோற்றது 2020 டிசம்பரில், நார்த் கரோலைனா ஸ்டேட் அணியிடம். 2021இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஒரு மாணவி நான்காம் ஆண்டு பாதி தாண்டும்வரை சொந்த ஊரில் தன் அணி தோற்று ஒரு தடவையும் பார்த்திருக்க மாட்டாள். கொலம்பியா நகரில் இருக்கும் அந்த அரங்கில் 18,000 பேர் உட்காரலாம். பெண்கள் ஆட்டத்துக்கு அந்த இடம் நிரம்புகிறது என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும், ஏனென்றால் நாங்கள் ஆடிய காலத்தில் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் எங்கள் அம்மாக்கள்தான், அதுவும் மழை இல்லை என்றால்.

யூகான் பக்கம் நிலைமை வேறு. அதுவரை 11 முறை தேசியப் பட்டம் வென்ற அணி, ஆனால் கடைசிப் பட்டம் 2016இல். அந்தப் பருவத்தில் டிசம்பரில் நோட்ர டேம் ஊரில் போய்த் தோற்றார்கள், பிப்ரவரி 6 அன்று டென்னஸி ஊரில் 80–76 என்று தோற்றார்கள். “தன்னூருக்கு யானை, அயலூருக்குப் பூனை” என்று சார் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். சார் சவுத் கரோலைனா பக்கம். காரணம் டான் ஸ்டேலி. அவர் இப்போது அந்த அணியின் தலைமைப் பயிற்றுநர், ஆனால் சாருக்கு அவர் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பந்தைத் தட்டிக்கொண்டு போன பெண். 1996, 2000, 2004 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் ஆட்டக்காரராக வென்றவர், பிறகு தோக்கியோவில் பயிற்றுநராகவும் வென்றார். எங்களுக்கு டிரிபிளிங் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் சார் அவர் பெயரைத்தான் சொல்வார். நாங்கள் மீதி நால்வரும் யூகான்.

அன்றைக்கு முதலில் தோழி வீட்டு வரவேற்பறையில்தான் உட்கார்ந்தோம். நான் மாதா மாதம் காசு கட்டும் ஒளிபரப்புச் சேவை, ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது, வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ரவுட்டரை அணைத்துப் போட்டோம், மறுபடி நுழைந்தோம், ஒன்றும் ஆகவில்லை. மேல்மாடியில் குழந்தை அழுதது. சரி, கீழே போவோம் என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, தம்பியின் கைப்பேசி இணையத்தை நம்பி இறங்கி நடந்தோம். வெளிச்சம் இருந்த முதல் கடை இதுதான்.

உள்ளே தொலைக்காட்சியில் கால்பந்து, டோட்டன்ஹமும் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஆடிக்கொண்டிருந்தார்கள். டாக்சி ஓட்டுநர்கள் ஏழெட்டுப் பேர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அந்தக் கடையின் நல்ல குணம் தெரிந்தது. தோழி தயங்கித் தயங்கிப் பாயிடம் கேட்டாள்.

“பாய், இந்தப் பந்து முடிஞ்சதும் எங்க ஆட்டத்தப் போட முடியுமா?”

“என்ன ஆட்டம் தங்கச்சி?”

“கூடைப்பந்து. அமெரிக்காவில பொண்ணுங்க ஆடுறது.”

“முதல்ல என்ன சாப்பிடுறீங்கன்னு சொல்லுங்க. இது முடியட்டும், போட்டுத் தர்றேன். ஐயாவுக்கு அந்த முதுகு உள்ள நாற்காலிய இழுத்துப் போடுங்க.”

அவ்வளவுதான் பேச்சு. முதல் கால் பகுதியை மெல்லிழைத்தாள் பெட்டியில் சாய்த்து வைத்த மடிக்கணினியில் பார்த்தோம். டோட்டன்ஹம் 1–0 என்று வென்று, யுனைடெட் ரசிகர்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்ததும், பாயே உள்ளேயிருந்து ஒரு கம்பியைக் கொண்டுவந்து மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு மாட்டிக் கொடுத்தார். இதற்குத் தனியாக ஒரு காசும் வாங்கவில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகு போன ஆறேழு தடவையும் சரி. ஒரே ஒரு நிபந்தனை: மேலே ஆட்கள் தூங்குகிறார்கள், கத்தக் கூடாது. கைதட்டலாம், அதுவும் மெதுவாக. யூகானின் அஸி ஃபட் தூரத்திலிருந்து எறிந்து ஒவ்வொரு மூன்று புள்ளியும் போடும்போது நாங்கள் மேசைக்குக் கீழே காலைத் தட்டிக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெண் அன்றைக்கு 28 புள்ளிகள். 2023 நவம்பரில் முழங்கால் தசைநார் அறுந்து, அந்தப் பருவமே போய், மீண்டு வந்த பெண் அவள். அவள் பந்து எறிவதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒன்றுதான் தோன்றும், பந்து கைக்கு வருவதற்கு முன்பே கால் தயாராக நிற்கிறது. பேஜ் பெக்கர்ஸ் 12 புள்ளிதான் எடுத்தாள், ஆனால் 10 அசிஸ்ட், அதாவது மற்றவர்கள் கூடையில் போடப் பந்தைக் கொடுத்தது. முதலாண்டு மாணவி சாரா ஸ்ட்ராங் 16 புள்ளி, 13 ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்தது. மூன்றாம் கால் பகுதி ஓடும்போது, யுனைடெட் சட்டை போட்ட ஒரு டாக்சிக்காரர் மட்டும் போகாமல் எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். “இந்தப் பிள்ளைங்க படிச்சுக்கிட்டா இப்படி ஆடுதுங்க?” என்று கேட்டார். ஆமாம் அண்ணே என்றோம். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கடைசிவரை பார்த்தார். முடிவு 87–58. சொந்த ஊரில் 71 ஆட்டம் வென்ற அணியை 29 புள்ளி வித்தியாசத்தில்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், விமர்சனம் என்று சொல்லிவிட்டுப் பந்தையே பேசிக்கொண்டிருக்கிறேன். கோசோங், அதாவது வெறும் புரோட்டா, ஒன்று 1 வெள்ளி 60 காசு, முட்டைப் புரோட்டா 2 வெள்ளி 40 காசு. கல்லில் நிற்கும் அண்ணன் மாவை முன்கூட்டியே தட்டி அடுக்கி வைப்பதில்லை. எண்ணெயில் ஊறிய உருண்டையை எடுத்து, உள்ளங்கையால் அமுக்கி, இரண்டு கையாலும் பிடித்து வீசுகிறார். மூன்றாவது வீச்சில் அது எவ்வளவு மெல்லிசாகிறது என்றால், அவர் தலைக்கு மேலே இருக்கும் குழல்விளக்கின் வெளிச்சம் மாவுக்குள்ளே கோடாகத் தெரியும். மடித்து, சுருட்டி, கல்லில் போட்டு, இரண்டு பக்கமும் பொன்னிறமானதும் எடுத்து, கல்லிலேயே வைத்து இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் அடிக்கிறார். அந்த அடியில் அடுக்கு அடுக்காகப் பிரிந்து உப்பி நிற்கும். தட்டில் வரும்போது ஓரம் மொறுமொறுப்பு, நடுவே மென்மை. பல கடைகளில் எண்ணெயில் பொரித்து எடுத்து அப்பளம் மாதிரி கொடுக்கிறார்களே, அது இங்கே இல்லை. அதற்காகவே நான் இந்தக் கடைக்குப் பகலிலும் போகத் தொடங்கியிருக்கிறேன்.

குழம்பில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இரண்டு மணியிலிருந்து நாலரை மணிவரை மீன் குழம்பு வாங்காதீர்கள். முந்தைய நாள் பானையின் அடி அது, தண்ணீர் விட்டு நீட்டுகிறார்கள், புளிப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கிறது. பாயிடம் நேராகவே சொன்னேன், மறுக்கவில்லை. நாலரைக்குப் புதுப் பானை இறங்கும்போது வாங்கினால் வேறு குழம்பு, கத்தரிக்காயும் வெண்டைக்காயும் முழுசாகக் கிடக்கும். அதுவரை ஆட்டுக்கறிக் குழம்பு, கிண்ணம் 5 வெள்ளி. கறி குறைவுதான், ஆனால் பட்டை சோம்பு வாசனையில் நாலு புரோட்டா இறங்கிவிடும். மீ கோரெங், அதாவது வறுத்த நூடுல்ஸ், எனக்குப் பிடிக்கவில்லை, தக்காளிச் சாஸைக் கொட்டி இனிப்பாக்கிவிடுகிறார்கள். தே ஆலியா என்கிற இஞ்சித் தேநீர் அருமை, இஞ்சியை அப்போதே இடித்துப் போடுகிறார்கள், தொண்டை காய்ந்து போகும் நேரத்துக்கு அதுதான் மருந்து. அன்றைக்கு ஐந்து பேருக்கு, பத்து கோசோங், நாலு முட்டை, இரண்டு கிண்ணம் ஆட்டுக்கறிக் குழம்பு, தேநீர் எட்டு, எல்லாம் சேர்த்து 51 வெள்ளி 60 காசு. நாலு மணி நேரத்துக்கு அது.

நான் உண்மையில் எழுத வந்தது ஆட்டம் முடிந்த பிறகு நடந்தது.

நாலு மணி வாக்கில் ஆட்டம் முடிந்தது. முதல் ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. தோழி சாரைப் பார்த்து, “என்ன சார், பூனை பாய்ஞ்சிருச்சு” என்றாள். சார் பதில் சொல்லவில்லை. தே ஆலியாவை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மேசையில் இருந்த கிளாஸ்களை எல்லாம் தன் பக்கம் இழுத்தார். சர்க்கரை டப்பாவை நடுவே வைத்தார். “இது ஸ்ட்ராங்” என்றார். மிளகுத்தூள் டப்பா ஃபட். எங்கள் காலிக் கிளாஸ் ஐந்தும் சவுத் கரோலைனா. தட்டின் விளிம்பை மூன்று புள்ளிக் கோடு என்று வைத்துக்கொள்ளச் சொன்னார், 6.75 மீட்டர், 2021இல் பெண்களுக்கும் அந்தத் தூரத்துக்குத் தள்ளி வைத்தார்கள் என்றார்.

“பாருங்கம்மா, எல்லாரும் பந்து வச்சிருக்கிற பெக்கர்ஸையே பார்க்கிறாங்க. பெரிய பொண்ணு இங்க வந்து நிக்குது.” சர்க்கரை டப்பாவை ஓர் அங்குலம் நகர்த்தினார். மிளகு டப்பாவை அதன் தோளை உரசிக்கொண்டு போகிற மாதிரி வளைத்துக் கொண்டுவந்து தட்டு விளிம்பில் நிறுத்தினார். துரத்தி வந்த கிளாஸ் சர்க்கரை டப்பாவில் இடித்து நின்றது. “அரை விநாடி. அந்த அரை விநாடிதான் அவளுக்கு வேணும். நம்ம பொண்ணு சுத்தி வர்றதுக்குள்ள பந்து கையை விட்டுப் போயிருச்சு.”

‘நம்ம பொண்ணு’ என்று அவர் சொன்னது தோற்ற அணியை. அதைக் கேட்டதும் எங்களில் யாருக்கும் வெற்றியைச் சொல்லிக் காட்ட மனசு வரவில்லை. அப்புறம் தம்பி எதிர்வாதம் வைத்தான், பெரிய பொண்ணு நின்று வழியை மறைத்த அந்த மறைப்பு மட்டும் காரணம் இல்லை சார், ரீபவுண்டிலும் அடித்துவிட்டார்களே என்று. அதற்கும் சார் பதில் வைத்திருந்தார். ஜனவரியில் சவுத் கரோலைனாவின் ஆஷ்லின் வாட்கின்ஸ் முழங்காலில் அடிபட்டுப் போனதிலிருந்து கூடைக்குக் கீழே அணி இளைத்துவிட்டது, ஒரு வாரம் முன்பு டெக்சஸ் ஊரில் 66–62 என்று தோற்றதிலேயே அது தெரிந்தது என்றார். தோழி ஒத்துக்கொள்ளவில்லை. வாட்கின்ஸ் இருந்தாலும் ஐந்தாறு புள்ளி குறையுமே தவிர 29 போய்விடாது என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. 18,000 பேர் எதிர்த்துக் கத்தும் இடத்தில் போய் அந்தச் சத்தத்தையே அடக்கிவிட்டார்களே, அது தெம்பு. டென்னஸியில் தோற்று பத்தே நாள் ஆகியிருந்தது.

இந்தப் பேச்சு நடக்கும்போது கல்லில் நின்ற அண்ணன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். சர்க்கரை டப்பாவைக் காட்டி, அது நகராமல் நிற்க வேண்டுமா, நகர்ந்தால் தப்பா என்று கேட்டார். சார் அவருக்கு இன்னொரு தடவை முதலிலிருந்து ஆடிக் காட்டினார். யாரும் எங்களை எழுந்து போகச் சொல்லவில்லை. மேசையைத் துடைக்க வந்த பெரியவர்கூட எங்கள் கிளாஸ்களைத் தொடாமல் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார். இந்த ஊரில், மேசைக்கு ஆள் காத்திருந்தே பழகிப்போன ஊரில், அது எவ்வளவு பெரிய மரியாதை என்று உங்களுக்கே தெரியும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தொலைக்காட்சி பான அலமாரிக்கு மேலே இருக்கிறது, அலமாரி விளக்கின் ஒளி திரையின் கீழ்ப் பாதியில் அடிக்கிறது, அதனால் புள்ளி எண்ணிக்கை சரியாகத் தெரியாது. சுவர் பக்கம் இரண்டாவது மேசையில் உட்கார்ந்தால் பரவாயில்லை. முதுகு உள்ள நாற்காலி மூன்றே மூன்று. மழை சாய்ந்து அடித்தால் வெளி மேசைகள் நனைந்துவிடும். கழிவறை சுமார். காசாகவோ கைப்பேசியில் பேநவ் வழியாகவோ கொடுக்கலாம், கடன் அட்டை கிடையாது. ஞாயிறு இரவில் கால்பந்து இருந்தால் கால்பந்துக்குத்தான் முதலிடம், அதில் பாய் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார், அதுவும் சரிதான், அவர்கள் எங்களுக்கு முன்பே அங்கே உட்கார்ந்தவர்கள்.

மார்ச் பள்ளி விடுமுறையில் என் மகளையும் அழைத்துப் போனேன். பள்ளியில் அவளுக்குக் கூடைப்பந்துதான் இணைப்பாட நடவடிக்கை. யூகான் தேசியப் பட்டத்துக்கான போட்டித்தொடரின் முதல் சுற்றில் ஆர்கன்சா ஸ்டேட்டை 103–34 என்று வென்றது அன்று. போட்டி என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை, ஆனால் அவள் திரையைவிட அதிக நேரம் சாரின் சர்க்கரை டப்பாவைப் பார்த்தாள். மறுநாள் மாலை புளோக் பக்கத்துத் திடலில் பந்து வருவதற்கு முன்பே காலை வைத்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

ரமலான் மாதத்தில் இரவு மூன்று மணிக்கு மேல் கடையில் நோன்பு தொடங்குமுன் சாப்பிட வரும் சஹர் கூட்டம் இருக்கும், அப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் மேசையைப் பிடித்து வைக்காதீர்கள். நாங்கள் அந்த மாதம் வெளி மேசையில் கைப்பேசியை வைத்துப் பார்த்தோம், பாய் கேட்காமலேயே பேரீச்சம்பழம் கொண்டுவந்து வைத்தார்.

ஏப்ரல் 7 விடியற்காலை மூன்று மணி, இறுதி ஆட்டம், மறுபடியும் அதே இரண்டு அணிகள், இந்தத் தடவை இரண்டு அணிக்கும் சொந்த ஊர் இல்லாத டாம்பாவில். நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம். பாய் சுவர் பக்க மேசையில் எங்களுக்காகத் துண்டு போட்டு வைத்திருந்தார். யூகான் 82–59 என்று வென்று 12ஆம் பட்டத்தை எடுத்தது, ஒன்பது ஆண்டுக் காத்திருப்பு. பெக்கர்ஸுக்குக் கல்லூரியில் அதுதான் கடைசி ஆட்டம், பயிற்றுநர் ஜீனோ ஆரியெம்மா அவளைக் கட்டிப்பிடித்தபோது தோழி அழுதுவிட்டாள். அந்த யுனைடெட் சட்டை டாக்சிக்காரரும் வந்திருந்தார், வண்டியை ஓரம் கட்டிவிட்டு.

ஆட்டம் முடிந்து மணியடித்ததும் கல்லில் நின்ற அண்ணன் ஒரு தட்டில் முட்டைப் புரோட்டாவோடு நேராகச் சாரிடம் வந்தார். இன்னொரு கையில் சர்க்கரை டப்பாவும் மிளகு டப்பாவும் இருந்தன. சாருக்கு முன்னால் வைத்துவிட்டு, “ஐயா, இன்னைக்கு எங்க தப்பு நடந்துச்சு, காட்டுங்க” என்றார்.

சார் கிளாஸ்களைத் தன் பக்கம் இழுத்தார்.